மேடைக்குக் கீழே பதினைந்து பானைகள்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்.

இன்று பார்க்க வேண்டியவை: திரைக் கயிறு. பால்கனிக் கைப்பிடிக்கு இரண்டாம் பூச்சு வார்னிஷ். பெண்கள் பக்கத்து நாற்காலிகளில் ஆறு ஆடுகின்றன. புறாக்கள் (இவற்றை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை).

ராஜம்மா வந்தாள். இருபது வருஷம் முன்பு இதே நாடகசாலையில் கதாநாயகி. கட்டடம் அன்று அரண்மனைக்கு வேண்டிய ஒரு பிரபுவின் சொத்து, இன்று சர்க்கார் சொத்து. திறப்பு விழாவில் அவள் பாட்டுத்தான். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும் இடம் என்று மைசூர் முழுக்கப் பேர். மேடையில் நின்று இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள். இன்னொரு வரி. மறுபடி நிறுத்தினாள்.

"ஓவர்சியரே, என்ன பண்ணீங்க இந்த இடத்தை? சத்தம் போகுது, நிக்கவே மாட்டேங்குது."

ஜனம் இல்லாத காலி ஹால் அப்படித்தான் இருக்கும் என்றேன். நம்பவில்லை. "காலி ஹால்ல இன்னும் நல்லாக் கேக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

ஏழு மாதம் இந்தப் பழுதுபார்ப்பு வேலையைப் பார்த்தவன் நான். கையெழுத்துப் போட்டவனும் நான்.

மார்ச் 5, புதன்

மேடையில் ஏறிச் சத்தத்தைச் சோதித்தேன்.

கை தட்டிப் பார்த்தேன். திரையைக் கழற்றித் தட்டினேன். கதவெல்லாம் சாத்தித் தட்டினேன், திறந்து தட்டினேன். எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு "யாருக்கு ஸ்வாமி கைதட்டல்?" என்றார். ரொம்ப வேடிக்கை.

புதுச் சுண்ணாம்புப் பூச்சுதான் காரணமோ? சுவரில் காதை வைத்துக் கேட்டேன். என்ன கேட்கும், தலை.

வீட்டில் வேதவல்லி: "ஏன்னா, சாதத்தைப் பிசைஞ்சுண்டே உக்காந்திருக்கேள். அப்பளமாவது தொட்டுக்கோங்கோ."

மார்ச் 6, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கொத்தனார் மாரப்பன் கொள்ளேகால் பக்கத்து ஆள். சுவர் ஓரமாகச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டே அவனாகச் சொன்னான். "ஏனுங்க சாமி, அந்தப் பானைங்க இல்லாததனால இருக்குமுங்களா?"

நவம்பரில் மேடைப் பலகையைப் பெயர்த்தோம். கட்டைகளில் கரையான். கீழே ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி, அதில் பாதி புதைந்த மண் பானைகள், வாயைத் திறந்துகொண்டு. யாரோ எந்தக் காலத்திலோ போட்ட குப்பை என்று நினைத்தேன். எலி குடியிருக்கும், தண்ணீர் தேங்கும், மறுபடி கரையான் வரும். ஆர்டர் புஸ்தகத்தில் எழுதினேன்: "பானைகளை உடைத்து, குழியை மணலால் நிரப்பி, கெட்டிப்படுத்தவும்." கீழே கையெழுத்து. நல்ல யோசனை என்று பெரிய எஞ்சினீயர் பாராட்டினார். (இனி பெ.எ. டைரியில்கூட முழுசாக எழுத வேண்டாம்.)

மேடைக் குரலை வாங்கி ஹாலுக்குக் கொடுத்தது அந்தக் குழியும் பானைகளும். நான் அதன் தொண்டையில் மணலைப் போட்டிருக்கிறேன்.

"உடைச்ச பானையை எங்கேப்பா போய்த் தேடறது" என்றேன்.

மாரப்பன் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க சாமி. உடைக்கலீங்க. பொம்பளையாளுக ஒத்துக்கலீங்க. பாட்டும் கூத்தும் நடக்கற எடத்துல பானை உடைக்கறதா? அது சுடுகாட்டுல பண்றதுங்க. ஆளுக்கொண்ணா குடிசைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

என் ஆர்டரை மீறியிருக்கிறார்கள். அவன் காலில் விழலாம் போல இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

பெ.எ.யிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. விழாவுக்கு மந்திரி வருகிறார். இப்போது போய் மேடையைத் தோண்ட வேண்டும் என்றால்?

சொல்லாமலே தோண்டுவது என்று முடிவு. ஞாயிறன்று ஆபீஸ் ஆட்கள் யாரும் வர மாட்டார்கள்.

தேவராஜ மார்க்கெட்டில் புதுப் பானை பதினைந்து வாங்கி ஜட்கா வண்டியில் ஏற்றினேன். பழசை வாங்க வேண்டுமானால் புதுசு கொடுத்தாக வேண்டும். எதிரே பக்கத்துத் தெரு ஆராவமுது. "என்ன ஓய், ஆத்துல சீமந்தமா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி ஊர் பூரா விசாரிக்கும். வேதவல்லிக்கு நாற்பது வயசு.

வேலையாட்களின் குடிசைகளில் எல்லாப் பானைகளும் இருந்தன. சிலவற்றில் தண்ணீர், கேழ்வரகு, ஒன்றில் அடைகாக்கும் கோழி. கோழி எழுந்திருக்க மறுத்தது. அந்த வீட்டுக்காரி மாராயி, சித்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அன்னிக்கு உடைன்னீங்க. இன்னிக்குத் தூக்கிட்டு வான்றீங்க. நாளைக்கு என்னங்க?"

எந்தப் பானை எந்த இடத்தில் இருந்தது, அது யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"பெருசெல்லாம் முன்னால. சிறுசு பின்னால. வாயெல்லாம் சனம் உக்கார்ற பக்கமாச் சாஞ்சிருந்துச்சுங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

"குழியிலிருந்து அத்தனையும் இடுப்புல வெச்சுத் தூக்கி வெளிய குடுத்தவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

மார்ச் 9, ஞாயிறு

காலை ஆறிலிருந்து மாலை ஐந்துவரை. மணல் அள்ளி முடியவில்லை என்று பத்து மணிக்குப் பயம். முடிந்த பிறகு, யாராவது பார்த்திருப்பார்களோ என்று பயம். மாராயி குழிக்குள் நின்று, "இது இல்ல, அந்தக் கழுத்து ஒடிஞ்சது இங்க வரோணும்" என்று அதிகாரம் செய்தாள். பெ.எ. கூட இவ்வளவு நிச்சயமாகப் பேசி நான் கேட்டதில்லை. பதினைந்தும் உட்கார்ந்தன. கட்டைகளுக்குத் தார் பூசி, பலகை அடித்து மூடினோம்.

கை தட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ராஜம்மா பாடினாள். நான் கடைசி வரிசை, தூண் பக்கம். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இது என் மேடை" என்றாள் அங்கிருந்தே. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பேசுகிற குரல்தான்.

வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். வார்னிஷ் நெடி என்றேன் மாரப்பனிடம்.

மார்ச் 15, சனி

விழா. மந்திரி முக்கால் மணி தாமதம். ஒலிபெருக்கி வாடகைக்கு வந்திருந்தது. ராஜம்மா மைக்கை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் பாடினாள். ஆயிரம் பேர், இருமல் இல்லை. மந்திரி பெ.எ. தோளைத் தட்டினார், பெ.எ. என் தோளைத் தட்டினார். எனக்கும் ஒரு மாலை.

மாரப்பன், மாராயி எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்களாம். பாஸ் வாங்கிக் கொடுக்கத் தோன்றவே இல்லை எனக்கு. சீ.

இன்று தூங்குவேன்.

மார்ச் 17, திங்கள்

பெ.எ. கூப்பிட்டார். காபி கொடுத்தார். இதற்குமுன் உட்காரச் சொன்னதே இல்லை.

"பேஷான வேலை. மணல் போட்டுக் கெட்டிப்படுத்தினதில் கரையானும் போச்சு, சத்தமும் கூடிப்போச்சு. சாமராஜநகரில் இதே மாதிரி பழைய நாடகக் கொட்டகை, இதே மாதிரி குழி, பானை. உங்க ஆர்டரை அப்படியே நகல் எடுத்து அனுப்பிட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தேன். இதுதான் சமயம். வாயைத் திறந்தேன். "உங்க பேரை மேலே சொல்லியிருக்கேன்" என்றார். மூடிக்கொண்டேன்.

ஆரம்பிக்க ஒரு மாதமாவது ஆகும். எந்த சர்க்கார் வேலை உடனே நடந்திருக்கிறது?

மார்ச் 19, புதன்

தந்தி ஆபீஸ் வாசலில் அரை மணி. "பானைகளைத் தொடாதே" என்று எழுதினேன். ஏன் என்று கேட்பார்கள். காரணம் எழுதினால் அது பெ.எ. மேஜைக்கு வரும். கிழித்தேன். ஆபீஸ் டெலிபோனில் பேசினால் எழுத்தர் காது.

வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லிட்டா என்ன, தலையையா வாங்கிடுவா? இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள். சீமந்தக் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் கோபித்துக்கொண்டாள்.

மார்ச் 21, வெள்ளி

பெ.எ. அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ. வந்துவிட்டேன். பொய். உள்ளே யாரும் இல்லை.

திங்களன்று லீவு போட்டு நானே சாமராஜநகர் போவேன். அங்குள்ள மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். எழுத்தில் எதுவும் வேண்டாம். நாளையே போகலாம்தான். நாளை லீவு கேட்டால் ஏன் என்பார்கள்.

மார்ச் 24, திங்கள்

முதல் பஸ். நஞ்சன்கூடு தாண்டி டயர் பஞ்சர், ஒரு மணி நேரம் போனது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தேன். இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்கு.

நம் மேடையைவிடப் பெரிசு. பலகை அடித்து முடித்து மெருகுகூடப் போட்டாகிவிட்டது. ஏறி நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் என் காலடியிலேயே விழுந்தது. பின்பக்கம் மதிலோரம் சிவப்பாக மண் ஓட்டுச் சில்லுகளின் குவியல், இடுப்பு உயரம்.

மேஸ்திரி கும்பிட்டுக்கொண்டே வந்தார். மைசூரிலிருந்து அய்யாவே பார்வையிட வந்ததில் சந்தோஷம். நகலைப் பையிலிருந்து எடுத்து விரித்து, என் கையெழுத்தைக் காட்டினார்.

"நேத்து சாயங்காலந்தான் ஸ்வாமி முடிஞ்சது. பொம்பளைங்க இங்கேயும் தகராறு பண்ணாங்க, உடைக்க மாட்டோம்னு. நான் விடலை. எழுத்துல இருக்குன்னு படிச்சுக் காட்டி, பக்கத்துல நின்னு உடைக்க வெச்சேன்."