ஸ்பேனர் விளக்கும் அப்பாவின் ஆறு வேண்டாமும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதமாக இருந்தால் நலம் என்று எழுத என் கை கூசியிருக்கும். இன்று கூசவில்லை, அதனால்தான் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. முதலில் முக்கியமான விஷயம், மாதக் கடைசியில் நம் காரை விலைக்குப் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையின் நண்பரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளை ஆசையாக ஏற்பாடு செய்தவர், அவர் மனம் நோகாமல் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நீ ஆறு மாதமாக "வித்துடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு ஸ்டியரிங்" என்று சொல்லியும் அசையாதவள், போன மாதம் திடீரென்று சரி என்றேன் இல்லையா. உன் பேச்சில் நான் மனம் மாறியதாக நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை, நான் பயந்துபோயிருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து வாரம் மூன்று காலை அவரைக் கைப்பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். உரிமம் எடுத்து இருபது வருஷம் பீரோவில் பூட்டி வைத்தவள் நான். "உனக்கு கிளட்ச் பிடிபடாது, விடு" என்று சொல்லிச் சொல்லியே உன் அப்பா என்னை அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்திருந்தார். அப்படிப்பட்டவள் ஓட்டும் காரில் ஒருநாள் சாவியைத் திருப்பியதும் மஞ்சளாக ஒரு ஸ்பேனர் படம் எரிந்தது, பக்கத்தில் 640 என்று ஒரு எண். அடுத்த முறை 610. அப்புறம் 580. கிளட்சை நான் போட்டு மிதிக்கிற மிதியில் வண்டி தேய்ந்துபோய், இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என் ஆயுள் என்று சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். சிரிக்காதே. பூஜ்யத்தைத் தாண்டி எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்த அன்று வண்டியை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அப்பாவின் கண் எப்போதும் சாலை மேல்தான், அந்த விளக்கை அவர் கவனிக்கவில்லை. அவரிடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் "நான் சொன்னேன்ல" என்று அவர் முகம் சொல்லும், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அவர் மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். முப்பது வருஷம் நூலகத்தில் ஊருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், காரோடு வந்த புத்தகத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

இனிமேல்தான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது. பிளாஸ்திரிக்குப் பிறகும் பயம் போகவில்லை, நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று. ஒருநாள் வாடகைக் கார் பிடித்தேன். அப்பாவைத் திருப்பி உட்கார வைத்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைக்கப் பத்து நிமிஷம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அந்த ஓட்டுநர் உச்சுக்கொட்டிக்கொண்டே இருந்தார், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரை அப்படி உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். இரண்டு வாரம், ஆறு காலை, பயிற்சிக்கே போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவர் வலது கை விரல்கள் மறுபடியும் மடங்கத் தொடங்கின. தானாகத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்த டம்ளர் ஒரு காலையில் நழுவித் தரையில் உருண்டது. அவர் தன் கையைத்தான் திட்டிக்கொண்டார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது அந்தப் பாவப்பட்ட கை.

மறுநாள் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவரைக் காரில் ஏற்றினேன். உட்கார்ந்ததும் அவர் கண் நேரே பிளாஸ்திரிக்குப் போனது. இடது கையால் மெல்ல உரித்தார். சாவியைத் திருப்பச் சொன்னார், பார்த்தார், அப்புறம் சிரித்தார் பார், நோய் வந்த பிறகு அவர் அப்படி உடம்பு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும், பொய் உட்பட, அங்கேயே கொட்டிவிட்டேன். "பைத்தியம்... கேட்டிருக்கலாம்ல" என்று நாலு மூச்சு வாங்கிச் சொன்னார், டேஷ்போர்டு பெட்டியைக் காட்டினார். புத்தகத்தில் தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதடி எல்லாம். அந்த விளக்கு வண்டியின் உடம்பைப் பார்ப்பதே இல்லை, வெறுமனே கணக்கு வைக்கிறது. போன சர்வீஸிலிருந்து இவ்வளவு தூரம், அல்லது ஒரு வருஷம், எது முன்னால் முடிகிறதோ அப்போது எரியும். பயிற்சிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போகிற எங்கள் வண்டியில்கூட அந்தக் கணக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். என் கிளட்சுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

உடனே ஷோரூம் சர்வீஸுக்கு நேரம் வாங்கினோம். போவதற்கு முன் அப்பாவின் வழக்கம் ஒன்று இருக்கிறது, நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், மாற்ற வேண்டிய பழைய பாகத்தில் ஓர் அடையாளம் போட்டு அனுப்புவார். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல நான் டேஷ்போர்டு பெட்டியை இறக்கி ஏசி ஃபில்டரை வெளியே எடுத்தேன். பேனாவை வலது கையில்தான் வாங்கினார். கோணல்மாணலாக ஒரு கோடு, அதைப் போட எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நான் ஃபில்டரை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

ஷோரூமில் கண்ணாடி அறை, மெத்தை நாற்காலி, மேடம் மேடம் என்று தேன் ஒழுகப் பேசும் ஒரு சர்வீஸ் ஆலோசகர். கையில் ஒரு பெரிய திரையை வைத்துக்கொண்டு எஞ்சினை உள்ளே கழுவும் திரவம், இன்ஜெக்டர் சுத்தம், ஏசி வாசனை, அடிப்பாகத்துப் பூச்சு, கண்ணாடி மெருகு, பெயின்ட் பாதுகாப்பு என்று வரிசையாக அடுக்கினார். நான் புத்தகத்தில் இந்த வருஷத்துக்கான பட்டியலை விரித்து வைத்துக்கொண்டேன். அதில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் உன் அப்பா "வேண்டாம்" என்றார். முதல் வேண்டாம் பாதிதான் வெளியே வந்தது. மூன்றாவதில் நடுவில் இருந்த தடங்கல் போய்விட்டது. ஆறாவது வேண்டாம் மணி அடித்தாற்போல் விழுந்தது, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பேச்சுப் பயிற்சிக்காரர் இத்தனை மாதம் பாடுபட்டு வாங்க முடியாததை அந்த ஆலோசகர் அரை மணி நேரத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டார், அந்த வகையில் அவர் நன்றாக இருக்கட்டும். ஏழாவதாக, பிரேக் பேடு தேய்ந்து ஆபத்தாக இருக்கிறது என்றார். அதற்கு அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "காட்டு" என்றார். எங்களை உள்ளே அழைத்துப்போனார்கள். சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்த மெக்கானிக் அம்மா ஒருவர் அளந்து பார்த்து, "பாதிக்கு மேல இருக்குங்க, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று ஒளிக்காமல் சொன்னார். மனசு கேட்காமல், கிளட்ச் எப்படி இருக்கிறது என்று நான் அவரிடமே கேட்டேன். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, யார் ஓட்டுறது?" என்றார். நான்தான் என்றேன். "பக்குவமா ஓட்டுறீங்க" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை.

அங்கேயே காத்திருந்து மாலையில் வண்டியை எடுக்கப் போனால் ஏசி ஃபில்டர் புதிது என்று பில்லில் இருக்கிறது, பெட்டியை இறக்கினால் உள்ளே அப்பாவின் கோணல் கோடு அப்படியே இருக்கிறது. ஆலோசகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொன்னோம். ஸ்பேனரும் எரிந்துகொண்டேதான் இருந்தது, "அது தானா போயிடும் மேடம்" என்றார். தானாகப் போகாது என்று தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். எண்ணெய் மாற்றியது அந்த விளக்குக்குத் தெரியாது, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து யாராவது சொன்னால்தான் மறுபடி முதலிலிருந்து எண்ணும். மெக்கானிக் அம்மா வந்து பத்து விநாடியில் அழுத்திவிட்டுப் போனார்.

நீயும் உன் வண்டியைக் கொஞ்சம் பார். மஞ்சள் ஸ்பேனர் வந்தால் பதற வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் நேரம் வாங்கிக்கொள். சிவப்பில் எண்ணெய்க் குடுவைப் படம் எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்து, வீடு பக்கம்தானே என்று நினைக்காதே. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே.

பயிற்சிக்கு மறுபடி போகிறோம், டம்ளர் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் விழவில்லை. ஷோரூமிலிருந்து திரும்பிய அன்று நடந்ததை எழுதி முடித்துக்கொள்கிறேன். ஒன்றரை வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலுக்கும் இல்லாத பிரேக்கைத் தன் நல்ல காலால் மிதித்துக்கொண்டே வருவார் உன் அப்பா. அன்று பெரிய சாலைக்கு வந்து கொஞ்ச தூரத்தில் அந்தக் காலின் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓட்டும் காரில் உன் அப்பா தூங்குகிறார். நம் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பாமல் நேரே போய், இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் குறையாத சிரிப்போடும் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். நண்பரிடம் சொல்ல மறந்துவிடாதே, கார் விற்பதற்கில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா