யோகொஹாமாவுக்குக் கேசினோ வருமா

ஜூலை 6

இன்று கேசினோ டீலர் வகுப்பில் இகராஷி மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "சிஹாரு அக்கா சீட்டு போடறதைப் பாருங்க. அப்புறம் உங்க கையைப் பார்த்துக்குங்க." இருபது வயசுப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. நாற்பத்தாறு வயதில் வகுப்பில் முதல் ஆள் நான். பச்சின்கோ என்கிற சூதாட்ட எந்திரக் கடையில், அந்த இரைச்சலில் இரும்புக் குண்டு அள்ளியே பாதி ஆயுசு போனது. கடையை மூடியபின் ஒரு நாயும் வேலை தரவில்லை. இந்தக் கைக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

துறைமுகத்தில் கேசினோ வந்தால் கூடவே போக்கர் சீட்டாட்டக் கூடங்களும் வரும், மேசையில் சீட்டு போடும் டீலருக்கு ஆள் போதாது என்கிறார் மாஸ்டர். கென்சோவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? கேசினோ கட்டப்போகும் அதே துறைமுகத்தில்தான் என் வீட்டுக்காரர் சரக்கு இறக்குகிறார்.

ஜூலை 11

வாசல் கதவில் சுவரொட்டி. ‘எங்கள் துறைமுகத்தில் சூதாட்டம் வேண்டாம்.’ ஒட்டியது அவரேதான். வழிந்த பசையைத் துடைக்கக்கூட இல்லை.

"நானும் இந்த வீட்லதானே இருக்கேன்?"

"அதுக்குத்தான் ஒட்டினேன். போகும்போதும் வரும்போதும் படி."

சிரிப்பு வேறு. துறைமுகத்து ஆட்களிடம் நான் டப்பா சோறு கட்டும் வேலைக்குப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார். பொண்டாட்டி சீட்டு போடப் படிக்கிறாள் என்று தெரிந்தால் மானம் போய்விடுமாம்.

ஜூலை 24

அடுத்த மாதம் மேயர் தேர்தல். கேசினோ வேண்டாம் என்பவர் ஜெயித்தால் திட்டமே போச்சு. "கவிழ்ந்தா கொரியாவுல இஞ்சோன் கேசினோ இருக்கு அக்கா. அங்க ஜப்பான்காரங்கதான் நிறைய வந்து ஆடுவாங்க, நம்ம பாஷை பேசற டீலர் வேணும்" என்றார் மாஸ்டர். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அங்கே போனால் வேலை மட்டும்தான் கிடைக்கும். இந்த ஊரிலேயே வந்தால் வேலையும் இருக்கும், வீட்டுக்கு வந்து அந்த மனுஷனுக்கு மீன் வறுத்துப் போடவும் முடியும். எனக்கு இரண்டும் வேண்டும். இது பேராசையா?

ஆகஸ்ட் 3

எழுதக் கை வரவில்லை.

கென்சோவின் மேஸ்திரி ஒகுதா ஐயா முந்தாநாள் காலமானார். இன்று இறுதிச் சடங்கு. துறைமுகமே கறுப்புச் சட்டையில் வந்திருந்தது. வரிசையில் போய், பெட்டிக்கு முன்னால் சாம்பிராணித் தூளைக் கிள்ளி நெருப்பில் போட்டேன். கும்பிட்டேன். அதோடு திரும்பி வந்திருக்க வேண்டியதுதானே?

டீலர் மேசையை விட்டு நகரும்போது ஒரு தடவை கை தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கிற கேமராவுக்குத் தெரிய. வகுப்பில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம். அதை அங்கே செய்துவிட்டேன். செத்தவர் முன்னால் நின்று கை தட்டினேன். கோயிலில் சாமியைக் கூப்பிடத் தட்டலாம். பிணத்துக்கு முன்னால் யாராவது தட்டுவார்களா? தட்டி, கையை விரித்து வேறு காட்டினேன். ஐயோ, பாவி நான்.

மந்திரம் சொன்ன பிக்குவே ஒரு கணம் நிறுத்திவிட்டார். பின்னால் கென்சோவோடு சரக்கு இறக்கும் நெமோதோ. அவன் ஒரு தடவை மக்காவ் போய் கேசினோ பார்த்து வந்தவன், உடனே கண்டுகொண்டான். "அண்ணே, அண்ணி எந்த கேசினோவுல சீட்டு போடறாங்க?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். எல்லாருக்கும் கேட்டது.

கென்சோ என்னைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 5

வீட்டுக்கு வரவில்லை. கிடங்கில் ஓய்வறையில் படுத்துக்கொள்கிறாராம்.

ஆகஸ்ட் 9

துணி எடுக்க வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காக வைக்கவில்லை.

"வேணும்னா செஞ்சேன்? கை அதுவா போயிடுச்சுங்க."

"அதான் சொல்றேன். உன் கையே உன் பேச்சைக் கேக்கல. மேஸ்திரி சாகற அன்னிக்கும் போஸ்டர் ஒட்டிட்டுப் போன மனுஷன். அவரு முன்னால நின்னு…"

"எனக்குன்னு நல்லா வர்ற வேலை இது ஒண்ணுதான். அது உங்களுக்குப் பொறுக்கல."

"எனக்குன்னு இருக்கறதும் அந்தத் துறைமுகம் ஒண்ணுதான்."

அவர் சொன்னதும் நிஜம்.

ஆகஸ்ட் 22

ஓட்டுப் போட்டேன். சாவடியில் எனக்கு நாலு ஆள் முன்னால் அவர் நின்றார். திரும்பவில்லை.

வாக்குப்பதிவு முடிந்த உடனே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்றவர் ஜெயித்துவிட்டார். தெருவில் யாரோ கைதட்டினார்கள். சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 24

வகுப்பில் பாதி நாற்காலி காலி. "ஓசாகாவுல வரும் அக்கா" என்றார் மாஸ்டர். எப்போது என்று கேட்டேன். பல வருஷம் ஆகுமாம். அதுவரை இந்த விரல் மடங்குமா?

செப்டம்பர் 2

அவர் பக்கம்தான் ஜெயித்துவிட்டதே, வீட்டுக்கு வரலாமே. சண்டைதான் முடிந்துவிட்டதே. தினமும் இரண்டு பேருக்குச் சோறு வடிக்கிறேன், மிச்சத்தை மறுநாள் நானே தின்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் சரி.

செப்டம்பர் 10

திட்டத்தைக் கைவிட்டதாக நகராட்சி அறிவித்துவிட்டது. கதவில் அந்தச் சுவரொட்டி இன்னும் இருக்கிறது. கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. அவர் கைபட்டு இந்த வீட்டில் மிச்சம் இருப்பது அதுதான்.

அக்டோபர் 5

இஞ்சோன் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் போன் போட்டேன்.

"கொரியாவுக்குப் போறேன்."

பின்னால் கிரேன் சத்தம். "அங்க குளிருமே" என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். வைத்துவிட்டார்.

அடுத்த ஆண்டு நவம்பர் 12, இஞ்சோன்

இன்று மாலை என் மேசைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார். நீல நிறத் துறைமுகச் சட்டை. ஒரே ஒரு பந்தய வில்லையை மேசையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகக்கவசம் போட்டிருந்தால் மட்டும் அந்தக் கழுத்து எனக்குத் தெரியாதா? சீட்டு என் கையிலேயே நின்றுவிட்டது.

டீலரின் சொந்தக்காரர் யாரும் அவள் மேசையில் ஆடக் கூடாது. உடனே சொல்ல வேண்டும், மறைத்தால் வேலை போய்விடும். மேற்பார்வைப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்து, "இவர் உங்களுக்கு யார்?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டாள்.

என்ன சொல்வேன்? ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. புருஷன் என்று நான் சொல்லி, அவர் இல்லை என்றுவிட்டால்?

அவர்தான் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். துறைமுகத்தில் பேசுகிற அதே குரலில், நாலு மேசை திரும்பிப் பார்க்க, "நான் இவ வீட்டுக்காரன்" என்றார். "இங்க உக்காரக் கூடாதுன்னு தெரியாதுங்க. இதோ எழுந்துட்டேன். இவ வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

எனக்கு வேறு மேசை கொடுத்தார்கள். வேலை முடிகிற வரைக்கும் அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, நான் சீட்டு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.