எண்பதில் வரும் முனகல்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
17 நவம்பர் 2024

அன்புத் தங்கை ரஜிதாவுக்கு,

புவனேஸ்வரன் அண்ணன் எழுதுவது. இங்கு நானும் ஜெகதீஸ்வரியும் நலம். பெர்த்தில் நீயும் உன் அக்கா குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். கைப்பேசியில் இரண்டு வரி தட்டி அனுப்பாமல் இந்த மனுஷன் ஏன் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். செய்தி அனுப்பினால் நீ உடனே கூப்பிடுவாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை, வெயில் என்று பேசி முடித்துவிடுவேன். பதினொரு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் காமினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஜெகதீஸ்வரி மூன்று வாரமாகப் பாயான் பாருவில் மகள் வீட்டிலேயே இருக்கிறாள். இந்த வருஷத் தீபாவளியும் அங்கேதான் கழிந்தது. நான் பட்டறைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கிறேன். பேத்தி பிறந்தவன் முகமா இது என்று பக்கத்தில் கடைசல் கடை வைத்திருக்கும் நூர் முகம்மது கேலி செய்கிறார். அவர் கேலி செய்வதிலும் நியாயம் இருக்கிறது.

உன் அருணன் சொல்லி வைத்திருந்த ஷாஃப்ட் தீபாவளி கழிந்து நான்காம் நாள் வந்து சேர்ந்தது. அவன் இறந்த பிறகும் அதைச் செய்யும் கம்பெனிக்காரர்கள் உன்னைத் தேடிப் பிடித்து, சாமான் தயார் என்று எழுதினார்களே, அதுதான். கார் விஷயம் என்றாலே உனக்கு எரிச்சல் வரும். அந்த வெள்ளைக் காரை அவன் உன்னைவிட அதிகம் கொஞ்சினான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துப் படி. எஞ்சின் முன்னால் இருக்கிறது, காரைத் தள்ளுவது பின் சக்கரம். இரண்டுக்கும் நடுவே காரின் வயிற்றுக்கடியில் சுழலும் நீளத் தண்டுதான் ஷாஃப்ட். பழையது இரும்பு. இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ரப்பர் பதித்த ஒரு பேரிங் அதைத் தாங்கும். புதியது கார்பன் நாரில் செய்த ஒரே குழாய். அதற்கு நடுவில் தாங்கலே வேண்டாம். எடை குறைந்தால் மிதித்தவுடன் கார் பாயும். முப்பத்தேழு வயதுக் காருக்கு அவன் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

பெட்டியைப் பிரித்து ஒற்றைக் கையால் தூக்கினேன். பழையதைக் கழற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். கறுப்பாக, அத்தனை நீளமாக இருந்த ஒன்று கையில் கனக்காமல் எழுந்து வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நுனியில் ஒட்டியிருந்த தாளில் அருணன் பெயரும், அவனே என் பட்டறையில் காருக்கடியில் படுத்து அளந்து கொடுத்த நீளமும் அச்சாகியிருந்தன. அந்தத் தாளைக் கிழிக்காமல் உரித்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மாட்டி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. நீ கேட்காத ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். எது உடைந்தாலும் ஷாஃப்ட் அந்த வளையத்தில் தொங்குமே தவிர சாலையில் விழாது. கார் நடுச்சாலையில் குத்தி நிற்காமல் ஓரமாக உருண்டு போய்விடலாம். அதைப் போன வருஷமே நான் போட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் காரை வெளியே எடுத்தேன். தெலுக் கும்பார் தாண்டி நேர்ச் சாலையில் வேகம் எண்பதைத் தொட்டபோது அந்த முனகல் கேட்டது. உனக்கும் நினைவிருக்கும். கடைசி ஆறு வாரமும் அருணன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். எழுபத்தைந்தில் வராது, எண்பத்தைந்தில் வராது, எண்பதில் மட்டும் வரும். பின்சீட்டுல யாரோ உக்காந்து வாய மூடிக்கிட்டு முனகுற மாதிரி இருக்குண்ணே என்றான். இரண்டு தடவை காரைக் கொண்டுவந்தான். இரண்டு தடவையும் நான் அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல், பழைய காடி அப்படித்தான் லா தம்பி என்று சிரித்து அனுப்பினேன். அந்தச் சத்தம் ஒழியட்டும் என்றுதான் அவன் புது ஷாஃப்ட்டுக்கே சொல்லி வைத்தான்.

இப்போது பழைய ஷாஃப்ட் காரில் இல்லை. ரப்பர் இல்லை, நடுப் பேரிங் இல்லை. முனகக்கூடிய எதுவுமே அங்கே இல்லை. ஆனாலும் முனகியது. நாற்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், காரணமே இல்லாத சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

புது ஷாஃப்ட்டைக் கழற்றி நூர் முகம்மதுவின் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினோம். ஒரு நூல்கூட ஆட்டமில்லை. திரும்ப மாட்டி அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். எண்பதில் எனக்குப் பின்னந்தலை வரைக்கும் கேட்டது. அவர் ஜன்னல் வழியாக மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, ஒன்றும் கேட்கவில்லையே என்றார். பிறகு பாலிக் புலாவ் மலைச் சாலையில் அந்த வளைவு வந்தது. எந்த வளைவு என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அவர் ஜன்னலை இறக்கிவிட்டு, காடிக்குள்ள சந்தனம் ஏதும் வச்சிருக்கீங்களாண்ணே, வாசம் தூக்குது என்றார். அடுத்த சந்தியிலேயே காரைத் திருப்பிவிட்டேன்.

மறுநாள் காலை காரை மேலே தூக்கிப் பார்த்தேன். புது ஷாஃப்ட்டின் பின் விளிம்பில் விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்தேன். அடுத்த நாள் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. பட்டறைச் சாவி என்னிடம் ஒன்று, ஜெகதீஸ்வரியிடம் ஒன்று. பட்டறைக்கு வந்தாயா என்று போனில் கேட்டேன். பச்ச உடம்புக்காரிய விட்டுட்டு நான் எங்க வர்றது, உங்களுக்கு என்னா ஆச்சு என்று திட்டினாள். மூன்றாம் நாள் நான் துடைக்கவில்லை. கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். சந்தனம்தான்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி, தங்கச்சி.

போன வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள், ஒரு சின்ன வேலைக்காகக் கழற்றிய அருணனின் பழைய ஷாஃப்ட் என் பட்டறை மேசையில் கிடந்தது. கழற்றும்போது ஷாஃப்ட்டின் விளிம்பிலும், அது போய்ப் பொருந்தும் கார் பக்கத்து விளிம்பிலும் நேருக்கு நேராக மஞ்சள் பெயிண்டில் ஒவ்வொரு புள்ளி வைப்போம். போல்ட் ஓட்டை நான்கு. எப்படித் திருப்பினாலும் ஏறும், ஆனால் சரியான நிலை ஒன்றுதான். மாட்டும்போது புள்ளியும் புள்ளியும் சேர வேண்டும். பூசையன்று ஜெகதீஸ்வரி வழக்கம்போல ஸ்பேனர், ஜாக்கி, மேசை மேல் கிடந்தது என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஷாஃப்ட்டுக்கும் வைத்தாள். இரண்டு நாள் கழித்து நான் அதை மாட்டினேன். அதற்குள் குங்குமம் உதிர்ந்துவிட்டது, சந்தனம் மட்டும் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே மூன்று கார் காத்திருந்தன. நான் மஞ்சளைப் பார்த்தேன், அது பெயிண்ட்தானா என்று பார்க்கவில்லை. சந்தனப் பொட்டைக் கார் பக்கத்துப் புள்ளியோடு சேர்த்து முறுக்கிவிட்டேன். ஷாஃப்ட்டின் உண்மையான புள்ளி கிரீஸுக்கு அடியில், நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

அரைச் சுற்று மாறி ஏறிய ஷாஃப்ட் எண்பதில் முனகும். முனகி முனகியே நடு ரப்பரைக் கிழிக்கும். ஆறு வாரத்தில் கிழித்துவிட்டது. அந்த மழை நாளில் ஷாஃப்ட் கழன்று சாலையில் குத்தியதால்தான் கார் வளைவில் நின்றது. கார் நின்றதால்தான் அவன் இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தான். பின்னால் வந்த லாரியைப் பற்றி உனக்குத் தெரியும். போலீஸ் விசாரணை லாரிக்காரனோடு நின்றுவிட்டது. காரை இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார்கள். கிரீஸைத் துடைத்து அந்தப் புள்ளியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நீளம் அளக்க அவன் காருக்கடியில் படுத்தானே, அன்று நான் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அந்தச் சந்தனப் பொட்டு அவன் முகத்துக்கு நேரே இருந்திருக்கும்.

சாவு வீட்டில் நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். காடி ஏண்ணே நின்னுச்சு என்றாய். பழைய காடிம்மா என்றேன். நான்தான் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கிட்டு வாங்கன்னு பாலிக் புலாவுக்கு அனுப்புனேன் என்று நீ அழுதாய். அப்போதே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பாரம் உன்னை விட்டு இறங்கியிருக்கும். பட்டறையின் பேர் கெட்டுவிடும் என்று பயந்து பேசாமல் நின்றேன். நீ இன்னும் ஜாதிக்காயைக் கையால் தொடுவதில்லை என்று உன் அக்கா சொன்னபோதும் பேசவில்லை. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நீ அனுப்பியதால் அவன் போகவில்லை, ரஜிதா. நான் ஒரு புள்ளியைச் சரியாகப் பார்க்காததால் போனான்.

ஜெகதீஸ்வரிக்கு இது தெரியாது. பொட்டு வைத்த கையில் ஒரு குற்றமும் இல்லை, பார்க்காத கண் என்னுடையது. இந்த வருஷப் பூசையில், சாமான்களுக்குச் சந்தனம் வேண்டாம், சாமி படத்துக்கு மட்டும் போதும் என்றேன். ஏன் என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ அவளைக் கோபிக்காதே.

புது ஷாஃப்ட்டில் வந்த பொட்டு இருக்கும் இடத்தையும் எழுதிவிடுகிறேன். கார் பக்கத்து விளிம்பில் என் பழைய பெயிண்ட் புள்ளி இன்னும் அழியாமல் இருக்கிறது. சந்தனப் பொட்டு அதற்கு நேர் எதிரே நிற்கிறது. அன்று நான் சரியாக மாட்டியிருந்தால் புள்ளியும் பொட்டும் அப்படித்தான் எதிரெதிரே நின்றிருக்கும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

18ஆம் தேதி காலை.

நேற்று இதுவரை எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே சாலையில் காரை ஓட்டினேன். எண்பதில் டயர் உருளும் சத்தம் மட்டும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது, இதை அனுப்ப வேண்டாம், நீ வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போது நான் ஐம்பதில்கூடப் போகவில்லை. பின்சீட்டில் முனகல் தொடங்கிவிட்டது. வீடு வரும் வரை கூடவே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் இன்று தபாலாபீஸுக்கு நடந்தே போகிறேன்.

டிசம்பரில் திவசத்துக்கு வரும்போது அந்தக் காரைப் பாலிக் புலாவ் வரை ஒரு முறை நீயே ஓட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். கார் தயார். ஆனால் என் வார்த்தையை நம்பி ஏறாதே. வேறு ஒரு பட்டறையில் அடியெல்லாம் காட்டிவிட்டு ஏறு. சாவியை நூர் முகம்மதுவிடம் கொடுத்து வைக்கிறேன். என் முகத்தைப் பார்க்க மனமில்லை என்றால் நீ என் பட்டறை வாசலுக்கு வரவே வேண்டாம். பழைய ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அதைப் போலீசில் கொடு என்று நீ சொன்னால் நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.

பாலிக் புலாவ் போனால் கடைத்தெருவில் இறங்கி ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கிச் சாப்பிடு. அதில் ஒரு பாவமும் இல்லை. வழியில் எண்பதைத் தொடும்போது உன் காதில் எதுவும் விழக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு மட்டும் கேட்டால் போதும்.

இனியும் அண்ணன் என்று எழுதலாமா என்று தெரியாத,
புவனேஸ்வரன்