ஒரு சாண் இடம்

அண்ணே,

இன்றைக்கு நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுச்சுவரில், ஓட்டையை அடைத்த இடம் மட்டும் இன்னும் காயாமல் கறுப்பாகத் தெரிந்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு எட்டு நாள் ஆகிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

துரை பங்களாவில் குப்பையில் போடச் சொன்ன, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலைத் தேயிலை ஸ்டோரில் வைத்துப் பழுதுபார்த்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அது உங்களுக்குத் தெரியாது. நாம் பேசாமலிருந்த வருஷம் அது. கூடப்பிறந்தவர்கள் ஒரு கோழிக்காக முறைத்துக்கொண்டு அடுத்தடுத்த காம்பராவில் இருந்தோம். வெட்கக்கேடு.

தகரத் தண்டவாளத்தில் வளைந்த துண்டுகள் எட்டு. சேர்த்தால் ஒரு வட்டம். அதைக் குறுக்க வழியில்லை. அடுப்பை விட்டு, பாய் விரிக்கும் இடத்தை விட்டு, தரையில் கரியால் கோடு போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஒரு சாண் இடித்தது. ஏழு மாதக்காரி என் மனைவி பாயில் படுத்தபடி, "ரயிலுக்கு எடம் தேடுறீங்க, பொறக்கப்போற புள்ளைக்கு எடம் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. சுவர் ஓரத்தை ஒரு சாண் குடைந்தால் வளைவு அதற்குள் போய்வரும் என்று கணக்குப் போட்டேன். மலை ரயிலையே பார்த்து வளர்ந்தவனுக்குக் குகை இல்லாமல் ரயிலா?

உளி இறங்கிய மூன்றாம் அடியிலேயே அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. சுவர் அவ்வளவு மெலிசு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டையில் உங்கள் முகம். என் உயிரே போய்விட்டது.

"டேய், என்னடா பண்ற?"

"ரயிலுங்கண்ணே."

ஒரு வருஷம் கழித்து நாம் பேசிய பேச்சு அதுதான். வையப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் விறகை நகர்த்தி வைத்தீர்கள். "வளைவ இந்தப் பக்கம் விடு. உன் பக்கம் புள்ளத்தாச்சி காலு நீட்டட்டும்" என்றீர்கள். அன்றைக்கு ரயில் என் வீட்டில் புறப்பட்டு உங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அண்ணி சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் கேட்டது.

பதினோராம் நாள் லயம் பார்க்க வந்த கங்காணி ஓட்டையைக் கண்டுவிட்டார். தேயிலை விலை விழுந்து, யாரை இந்தியாவுக்குக் கப்பலேற்றலாம் என்று தேடிக்கொண்டிருந்த காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நம் இருவரையும் முன்னால் நிறுத்தி, "தொரை கேக்குறாரு, யாரு ஒடச்சது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் குரல் கேட்டது.

"நாந்தாங்க. வெறகு அடுக்கையில இடிஞ்சிருச்சு."

வேலையும் காம்பராவும் ஒன்றாகப் போகும் அந்தப் பத்துச்சீட்டு உங்கள் கைக்கு வந்தது. மறுநாள் நீங்களும் அண்ணியும் தகரப் பெட்டியோடு தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். "இல்லைங்க, நான்தான்" என்று சொல்ல எனக்கு ஒரு பகல், ஒரு இரவு முழுதாக இருந்தது. நான் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது. சுவர் இடிந்ததல்ல, நான் சும்மா நின்றதுதான்.

உங்கள் சாவுச் செய்தியோடு அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வந்த ஆள் போன வாரம் சொன்னான்: "காய்ச்சல்ல கெடந்தாருங்க. இலங்கையில இருந்து யாரு வந்தாலும், என் தம்பிக்கு என்ன புள்ளன்னு கேப்பாரு."

மூன்று வருஷமாக உங்களுக்கு ஒரு கடுதாசி போடவில்லை, அண்ணே. போட்டால் அந்தப் பெரட்டைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்று பயந்தேன். சொல்லாமல் விட்ட "நாந்தாங்க" இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது.

பெண் பிள்ளை, அண்ணே. அப்படியே உங்கள் மூக்கு.