கோழியிறகும் பஸ் ரிக்கற்றும்

பருத்தித்துறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கணவர் தோட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. வந்தாலும் இருவருக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை. யோகராணி கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் எழுதினாள்:

"இஞ்சாருங்கோ, தங்கச்சியைப் பாத்திட்டுப் பின்னேரம் வாறன். சோறும் முருங்கைக்காய்க் கறியும் மூடி வைச்சிருக்கிறன். வெளியிலை போனால் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழை வையுங்கோ. வாசிகசாலைப் புத்தகம் வெள்ளிக்கிழமை குடுக்கோணும்."

அங்கே பேனா நின்றது. முப்பது வருடமாக நாளுக்குப் பத்துப் பக்கம், எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் மாறி மாறி வாசித்து வந்தவர்கள். விட்ட பக்கத்தில் வைக்க அவருக்கு அடையாளம் பஸ் ரிக்கற், அவளுக்குக் கோழியிறகு. இடம்பெயர்ந்திருந்த நாட்களிலும் சாப்பிடும்போது கதைக்க ஒரு கதை இருந்தது.

இந்தமுறை அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிட்டார். "இனி உங்களோடை சேர்ந்து வாசிக்கமாட்டன்" என்று அவள் கத்திவிட்டாள்.

புத்தகத்தைத் திறந்தாள். ரிக்கற் அன்றிருந்த 112ஆம் பக்கத்திலேயே இருந்தது. அவளுடைய இறகு முப்பது பக்கம் தாண்டியிருந்தது. அதை எடுத்து ரிக்கற்றோடு சேர்த்து வைத்தாள். தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"தயிர் பிரிட்ஜுக்குள்ளை. நானும் 112இலைதான் நிக்கிறன். முடிவு தெரிஞ்சால் என்ன, மிச்சத்தைச் சேர்ந்து வாசிப்பம்."