நாலு நாள் ஓடிய வீடு

2005 நவம்பர் 11, வெள்ளி

ஜும்மா முடிந்ததும் ஷார்ஜாவிலிருந்து ஷஃபியின் போன் வந்தது. ஸலாம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டி எப்படி இருக்குது?"

மகள் ஃபாயிசா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது. நான் மூன்றாவது. பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என்ன சமைத்தாய், பிள்ளைக்கு என்ன துணி எடுத்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. "நின்ன எடத்துல நல்லாத்தான் நிக்குது" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். உறைக்கவில்லை. "மழை வேற. மெக்கானிக் சாலமனைக் கூப்ட்டு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடு ஹுமா" என்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் லீவு. போன லீவில், 2004 மே மாதம், வந்து இறங்கிய ஒன்பதாம் நாள் பாண்டியில் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினார் ஷஃபி. அங்கே அரபிகள் குளிர்காலத்தில் வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போவார்களாம். நாமும் அப்படிப் போகலாமாம். சீட்டையெல்லாம் கழற்றி எறிந்து இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், மடக்கு மேசை, பீரோ அளவுக்கு ஒரு பாத்ரூம். வண்டியும் வேலையுமாக இரண்டே கால் லட்சம். அதில் ஏலகிரிக்குப் போனோம். நாலே நாள். அவருக்கு லீவு. எனக்கு அடுப்படியே சக்கரம் கட்டிக்கொண்டு கூட வந்தது, அவ்வளவுதான். டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மலை உச்சியில் பாத்திரம் கழுவினேன்.

அந்த நாலு நாளோடு சரி. அவர் விமானம் ஏறிவிட்டார். வண்டி மரக்காணத்தில், அவருடைய சிநேகிதர் அதீபின் உப்புக் கிடங்கில் நிற்கிறது. எங்கள் கோட்டக்குப்பம் தெருவில் ஆட்டோ நுழைவதற்கே இரண்டு வீட்டுப் படியை உரச வேண்டும். "வாடகை இல்லாம எடம் கெடச்சிருக்கு" என்று அப்போது அவருக்கு என்ன சந்தோஷம்!

நவம்பர் 14, திங்கள்

மரக்காணம் போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிறகு உப்பளத்து வரப்பில் கால் மணி நடை. புர்கா ஓரமெல்லாம் சேறு. பேட்டரி செத்துப் போயிருக்கிறது. புதுசு மூவாயிரத்து நானூறு. சாலமன் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பின்னால ரெண்டும் போச்சுங்க. ஓடாத வண்டிக்குத்தான் டயர் சீக்கிரம் போவும்" என்றார்.

இது என்ன நியாயம்? ஓடினால் தேயும், சரி. நின்றாலும் தேயுமா? சாலமன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கிடங்குக் காவல்காரர் முருகையன் ஒருவர்தான் உருப்படியானவர். வாரா வாரம் வண்டியைக் கழுவச் சொல்லி மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறேன். "ஒரு வாரம் கூட உடலம்மா" என்றார். பளிச்சென்றுதான் வைத்திருக்கிறார்.

டிசம்பர் 7, புதன்

இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது. ரோடு டாக்ஸும் முடிந்துவிட்டது. வண்டி பாண்டி நம்பர். நாங்கள் இருப்பது தமிழ்நாடு. நாலு தெரு தள்ளி பார்டர். அந்த நாலு தெருவுக்காக இரண்டு பக்கமும் அழ வேண்டியிருக்கிறது.

அவர் ஊரில் இருப்பதில்லை என்று ஆர்.சி. புக்கை என் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத நான் ஓனர். புரோக்கர் அந்தப் புக்கைப் புரட்டிவிட்டு, "இது வேனாம்மா, வீடாம்மா? வேன்னா சீட் எங்க? வீடுன்னா எதுக்கும்மா டாக்ஸ் கட்றீங்க?" என்று சிரித்தான். சிரித்ததற்கும் சேர்த்து எண்ணூறு வாங்கிக்கொண்டான்.

டிசம்பர் 12

டயர் வாங்கியாயிற்று. ஃபாயிசாவின் ட்யூஷனை நிறுத்தியாயிற்று.

2006 பிப்ரவரி 3, வெள்ளி

மே மாதம் லீவு உறுதி என்று சொன்னார். ஃபாயிசா வீடெல்லாம் குதிக்கிறாள்.

மாமி, அவருடைய அம்மா, அதற்குள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். கிளியனூரில் மாமியின் தங்கை மகளுக்கு நிக்காஹ். "ஷஃபி வர்றான்ல, அதான் மே மாசத்துலயே வெக்கச் சொல்லிட்டேன். அவன்தான் முன்னால நிக்கணும்." பெரியவர்கள் வீட்டுச் சொத்துப் பிரிக்கிற பேச்சுக்கும் ஷஃபி வேண்டும். மூட்டு வலிக்கு மாமியை மெட்ராஸ் டாக்டரிடம் கூட்டிப் போகவும் ஷஃபி. சைத்தூன் பீவி மகன் வருகிறான் என்று ஊரே காத்திருக்கிறது. அறுபது நாளில் எனக்கு எத்தனை நாள் மாமி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் சண்டை. கேட்கவில்லை.

மார்ச் 8, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எஃப்.சி. வாங்கினால்தான் இனி வண்டி ரோட்டில் ஓடலாம், ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று சாலமன் வரச் சொல்லியிருந்தார். போனேன். வெளியிலிருந்து பார்க்க வெள்ளை வெளேரென்று நின்றது. சாலமன் உள்ளே ஏறி அடுப்பு மேடைப் பக்கம் கால் வைத்தார். கால் முழங்கால் வரைக்கும் கீழே போய்விட்டது. தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. காலை உருவிக்கொண்டு இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் சேசிஸைக் குத்தினார். குத்திய இடமெல்லாம் துரு கொட்டியது.

"உப்புக் காத்துன்னாலும் இவ்ளோ சீக்கிரம் திங்காதுங்களே" என்று எழுந்து வந்தவர் முருகையனைப் பார்த்தார். "ஏம்பா, எந்தத் தண்ணில கழுவுற?"

முருகையன் கையை நீட்டிக் காட்டினார். பாத்தியில் உப்பு விளைய இறைக்கிற மோட்டார்!

"இங்க நல்ல தண்ணி ஏது? நாங்க குடிக்கவே சைக்கிள்ல கொடம் கட்டிகினு வர்றோம். அம்மா கழுவச் சொன்னாங்க, கழுவுனேன். அடியில கூட டியூப் உட்டு நல்லா பீச்சி உட்டேன்."

அடியிலும். ஒரு வாரம் விடாமல். இருபது மாதம்.

முருகையனைத் திட்ட வாய் திறந்தேன், திட்டவில்லை. பிறந்ததிலிருந்து உப்பளத்தில் கிடக்கிற மனிதருக்கு அதுதான் தண்ணீர். உப்பளத்து நடுவில் நின்றுகொண்டு எந்தத் தண்ணீரில் என்று ஒரு கேள்வி கேட்காதவள் யார்? நான்தானே? காசு கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தவள் நான்தானே?

மார்ச் 9

சுனாமி வந்த அன்றுகூட அந்தக் கிடங்குக்குள் தண்ணீர் ஏறவில்லையாம். வராத கடலை மாதம் நூறு ரூபாய் கொடுத்து நான் வரவழைத்திருக்கிறேன்.

மார்ச் 10, வெள்ளி

போனில் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"எவ்ளோ ஆவுமாம்?"

"எழுபதாயிரம்னு சாலமன் சொல்றாரு. அதுவும் பிரிச்சுப் பாத்தாதான் தெரியுமாம்."

"சரி வுடு. நான் லீவை எழுதிக் குடுத்துடறேன்."

ஊருக்குப் போகவில்லை என்று எழுதிக் கொடுத்தால் லீவு சம்பளத்தையும் டிக்கெட் காசையும் கம்பெனி கையில் கொடுத்துவிடும். அப்புறம் அடுத்த லீவு 2008.

லீவுல குடும்பத்தோட போறதுக்குன்னு வாங்குன வண்டி. அதைச் சரி பண்றதுக்கு லீவையே விக்கிறாராம்! என்ன மூளை இது? அப்புறம் யார் போறது அதுல? முருகையனா? கத்தினேன். ஆமா, தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினேன். அடுக்களையிலிருந்து மாமி எட்டிப் பாத்தாங்க, பாக்கட்டும். "நீங்க எங்களப் பாக்க வர்றீங்களா, வண்டியப் பாக்க வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"வண்டி இல்லாம வந்து என்னா பண்றது ஹுமா" என்றார்.

போனை வைத்துவிட்டேன். வண்டி இல்லாமல் வந்து என்ன பண்றதாம். இந்த வார்த்தையை நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

மார்ச் 12

"இப்ப எனக்குப் பத்து வயசு. அத்தா அடுத்த லீவுல வரும்போது பன்னெண்டாம்மா?" என்று கேட்டாள் ஃபாயிசா. ட்யூஷன் இல்லாமலே கணக்கு நன்றாகத்தான் போடுகிறாள்.

மார்ச் 15, புதன்

விற்றுவிட்டேன்.

பாண்டி காயலான் கடைக்காரரைக் காலையிலேயே மரக்காணத்துக்கு வரவழைத்தேன். நாற்பத்திரண்டாயிரம். இன்ஜின் நன்றாக இருப்பதால் அந்த விலையாம். அதீப் வந்து, "ஷஃபியக் கேட்டியாம்மா?" என்றார். "ஆர்.சி.ல என் பேர்தான் இருக்குது அண்ணே" என்றேன். அவர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். இத்தனை நாளில் அந்தப் புக்கால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

லாரியில் கட்டி இழுத்துப் போனார்கள். முருகையன் மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். "கழுவுன காசும்மா. பாக்கிய அடுத்த மாசம் தந்துடறேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடமும் கத்திவிட்டேன். "உள்ள வையுங்க அதை! உங்க மேல என்ன தப்பு?" பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. அந்த வண்டிக்காக இல்லை. எதற்காக என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 17, வெள்ளி

சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 24, வெள்ளி

போன் இல்லை.

மார்ச் 31, வெள்ளி

இல்லை. மாமி என்னை முறைத்துக்கொண்டே தொழப் போகிறார். கோபம் வந்தால் அவருக்குப் பேசாமல் இருக்கத் தெரியும் என்றால் எனக்கும் தெரியும். நான் எதற்கு முதலில் கூப்பிட வேண்டும்? இருபது மாதம் வரப்பில் நடந்தது அவரா, நானா?

ஏப்ரல் 7, வெள்ளி

இன்று கூப்பிட்டார். ஸலாம்கூட இல்லை. நேராக ஒரு கேள்வி.

"போன லீவுல, அந்த அறுபது நாள்ல, எத்தனை நாள் நான் நம்ம வீட்ல உக்காந்து உங்க கூட சோறு தின்னேன்? சொல்லு பாப்போம்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். கூட வேலை செய்கிறவர்கள் கொடுத்து அனுப்பிய சாமான்களைப் பதினோரு வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்து, மகன் இளைத்துவிட்டானா என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. மூன்று கல்யாணம். ஒரு மையத்து அடக்கம். விசா கேட்டு வந்தவர்கள், கடன் கேட்டு வந்தவர்கள். வாசலில் செருப்பு இல்லாத நாளே இல்லை.

"ஏலகிரி போனோமே, அந்த நாலு நாள்தான் நான் லீவுல வந்தது. மீதி ஐம்பத்தாறு நாளும் ஊருக்கு வேலை செஞ்சேன். வண்டில ஏறிட்டா எவனும் தேடி வர மாட்டான். வீட்ல இருந்துகினு கதவைச் சாத்த முடியுமா சொல்லு? அம்மாகிட்ட வராதேன்னு சொல்ல முடியுமா? எனக்கு வேற வழி தெரியல ஹுமா."

எனக்கு மனசு இளகவில்லை என்று எழுத ஆசைதான். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது?

ஆனால் கோபம் போகவில்லை, கூடியது. "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அரபி, பாலைவனம்னு கதை வுட்டீங்களே?" என்றேன்.

"சொன்னா நீ எங்கம்மாகிட்ட சண்டைக்குப் போவ."

போயிருப்பேன்தான்.

லீவை விற்கிற பேப்பரைப் பற்றிக் கேட்டேன். எழுதி வைத்திருக்கிறாராம், இன்னும் கொடுக்கவில்லையாம். "கிழிச்சிப் போடுங்க. சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றேன். கேட்டது.

ஏப்ரல் 8

இரண்டே கால் லட்சம், பேட்டரி, டயர், டாக்ஸ், புரோக்கர். நாலு நாள் நாங்கள் மூன்று பேரும் தனியாக இருப்பதற்கு இவ்வளவு. பக்கத்தில் படுத்திருந்தபோது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் காசே ஆகியிருக்காது.

ஏப்ரல் 28, வெள்ளி

டிக்கெட் போட்டுவிட்டார். "தேதியை அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றார். "வேணாம், நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

சொன்னேன்.

மே 14, ஞாயிறு

இருபத்தொன்றாம் தேதிக்கு மாமி இரண்டு கார் பேசிவிட்டார். ஏர்போர்ட்டுக்குப் பதினாலு பேர். கிளியனூரிலிருந்தும் வருகிறார்களாம். பிரியாணிக்கு யார், மாலைக்கு யார் என்று வீடு அமளிப்படுகிறது.

நானும் ஃபாயிசாவும் செவ்வாய்க்கிழமையே மெட்ராஸ் போகிறோம். "அக்காவப் பாத்து வருஷமாச்சு. அன்னிக்கு நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடறோம் மாமி" என்றேன். மாமிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம். காயலான் கடைப் பணத்தில் மூவாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மே 18, வியாழன். திருவல்லிக்கேணி, லாட்ஜ்

காலை பத்தரை. நேற்று வந்து இறங்கியவர் இன்னும் தூங்குகிறார். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் நேற்று நாலு வார்த்தை பேசிவிட்டு இப்படி ஒரு குறட்டை! எழுப்பிச் சண்டை போடலாமா என்று பார்த்தேன். ஃபாயிசா அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து டி.வி. பார்க்கிறாள். போகட்டும், மதியம் போட்டுக்கொள்கிறேன்.

வாடகை நாளுக்கு நானூற்றைம்பது. டாக்ஸ் இல்லை, எஃப்.சி. இல்லை. அவர் கொண்டு வந்த நாலு பெட்டியில் மூன்று ஊரார் சாமான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் மாமியிடம் நான் சொன்ன தேதி. அன்று விடிந்ததும் இவரையும் பெட்டிகளையும் டாக்ஸியில் ஏற்றி ஏர்போர்ட்டுக்கே திரும்ப அனுப்ப வேண்டும். அப்போதுதான் வந்து இறங்கியவர் மாதிரி வெளியே நடந்து வந்து, பதினாலு பேருக்கும் ஸலாம் சொல்லட்டும். அதுவரைக்கும் இவர் ஊருக்கு வரவில்லை.