தலைக்கு ஊற்றிய தண்ணீர் குற்றமில்லை

கலாவின் அம்மாவுக்கு,

நேற்று திண்டிவனத்தில் நம் பேத்தி தேவியின் கைக்குழந்தையைத் தூக்கினேன். காதோரத்தில் சீழ் வாடை. நம் கலாவுக்கு ஒன்றரை வயதில் வந்த அதே வாடை. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு அது மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நிற்கும்போதே தேவியின் புருஷன் ஆரம்பித்துவிட்டான். "தெனமும் தலைக்கு ஊத்தாதன்னு சொன்னேன், கேட்டாளா? இப்போ தூக்கிக்கினு அலையறோம்."

தேவி தலையைக் குனிந்துகொண்டாள். நீயும் அப்படித்தான் குனிந்தாய். "ஊத்தி ஊத்தியே புள்ள காதைக் கெடுத்துட்டா" என்று என் அம்மா கோலியனூர் முழுக்கச் சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

சுவரில் ஒரு பலகை இருந்தது. நான் இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பேன், உனக்குத் தெரியாது. பெரியவர்களுக்கென்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற வகுப்புக்கு ஒரு வருஷமாகப் போகிறேன். பஸ் பலகை, பிஸ்கட் உறை எதையும் விடுவதில்லை, அவ்வளவு சந்தோஷம். அதே சந்தோஷத்தோடுதான் இதையும் ஆரம்பித்தேன். சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி காதில் சீழ் வைக்க இவையெல்லாம் காரணமாகலாம் என்று போட்டிருந்தது. சளி. படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை. அங்கே நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். தலைக்கு ஊற்றுவது அதில் எங்கேயும் இல்லை.

தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தவன் நான். கலா காது வலியில் அழுதபோது, வைத்தியம் என்று நினைத்து, அந்தப் பிஞ்சுக் காதுக்குள்ளேயே புகையை ஊதினேன். "அந்தப் புகைய வெளிய போயி உட்டா என்னா?" என்று நீ ஒரு தடவை கேட்டாய். "உனக்கு ரொம்பத் தெரியும்" என்றேன். கலாவுக்கு இடது காது கேட்காமல் போனது. பழி உனக்கு வந்தது. நாற்பது வருஷம். இது என்ன நியாயம்?

வந்த கோபத்தில் பலகையை வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தேன்.

"தாத்தா எப்போலேருந்து படிக்கிறாரு?" என்று சிரித்தான் தேவியின் புருஷன்.

"உன் சட்டைப் பாக்கெட்ல இருக்கறத எடு. அது மேல எழுதியிருக்கறதையும் படிக்கிறேன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் எடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கலாவின் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன். "உன் காது போனதுக்கு அம்மா காரணம் இல்லம்மா. நான் ஊதுன புகைதான்."

அவள் "இத அம்மா உயிரோட இருந்தப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

அப்போது எனக்குப் படிக்கத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நீ சொன்னதைக் கேட்பதற்குப் படிப்பு தேவைப்பட்டிருக்காது.